ஐஸ் போடாதீங்க... ஃபேன் போடுங்க! கோடையில் ஃபிஷ் டேங்க் மீன்கள் சாவது ஏன்?

ஏப்ரல் மாதம், மதியம் மூன்று மணி. போத்தனூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஏதோ ஒரு வீடு. ஹாலில் டி.வி-க்குப் பக்கத்தில் இரண்டடி கண்ணாடித் தொட்டி. காலையில் நன்றாக நீந்திக்கொண்டிருந்த கோல்ட் ஃபிஷ், இப்போது தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பசிக்குதுபோல என்று யாரோ ஒரு சிட்டிகை தீனியைத் தூவுகிறார்கள். மறுநாள் விடிந்தால் மீன் மிதக்கிறது.

குட்டிப் பாப்பா அழுகிறாள். அம்மிச்சி மடியில் உட்கார வைத்துத் தேற்றுகிறார். "அழுகாத கண்ணு. நம்ம வூட்டுக்கு வர இருந்த கண்டத்தை அந்த மீனு வாங்கிக்கிட்டுப் போயிருச்சு."

மீன் வளர்க்கிற எல்லா வீட்டிலும் இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பீங்க. குழந்தையைத் தேற்ற இது நல்ல வார்த்தைதான். ஆனால், பெரியவங்களும் இதையே நம்பிவிட்டால் ஒரு சிக்கல் இருக்கிறது. மீன் ஏன் செத்தது என்று யாரும் யோசிக்க மாட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புது ஜோடி வாங்கி வந்து, அதே தொட்டியில், அதே தண்ணீரில் விடுவோம். பத்து நாளில் அதுவும் இன்னொரு 'கண்டத்தை' வாங்கிக்கொண்டு போய்விடும்.

உண்மையில் கோடையில் சாகும் மீன்களில் பெரும்பாலானவை நேரடியாகச் சூட்டினால் சாவதில்லை. தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டித்தான் சாகின்றன. இது புரிந்துவிட்டால், அதிகம் செலவில்லாமல் கோடையைத் தாண்டிவிடலாம்.

'ட்ராப்பிக்கல்'னா வெயில் இல்லீங்க

கடைகளில் விற்கும் அலங்கார மீன்களில் பலவற்றுக்கு 'ட்ராப்பிக்கல் ஃபிஷ்' என்று பெயர். அதாவது வெப்பமண்டல மீன்கள். 'நம்ம ஊரே வெப்பமண்டலம்தானே, அப்புறம் என்ன பயம்?' என்று தோன்றும். நியாயமான கேள்வி. போத்தனூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில்தான் இருக்கிறது.

ஆனால், அந்த மீன்கள் வாழும் இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்க. நியான் டெட்ரா அமேசானின் மேற்பகுதியில் இருக்கும் சின்னச் சின்ன காட்டு ஓடைகளைச் சேர்ந்தது. மேலே மரங்கள் கூரை போட்டிருக்கும். இலைகள் விழுந்து ஊறி, தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். நிழலும் நீரோட்டமும் இருப்பதால், வெப்பமண்டலத்திலேயே அந்த ஓடை குளுமையாக இருக்கும். நியான் டெட்ராவுக்கு 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சுகம்.

நம்ம வீட்டுத் தொட்டியில் மரமும் இல்லை, ஓட்டமும் இல்லை. மேலே கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி, ராத்திரி முழுக்க அதை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மார்ச் பாதியிலிருந்தே கோவையில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டத் தொடங்கிவிடும். மாடி வீட்டில் இருக்கும் 50 லிட்டர் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போவது ரொம்ப சாதாரணம்.

இன்னொரு வேடிக்கை. 'மிஸ் கேரளா' என்று ஒரு மீன் இருக்கிறது. உடம்பில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட, வெளிநாடுகளிலும் பிரபலமான டெனிசன் பார்ப். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன். போத்தனூரிலிருந்து வாளையாறு தாண்டினால் கேரளா. கிட்டத்தட்ட நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஆனால், பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடும், ஆக்சிஜன் நிறைந்த குளிர்ந்த ஆற்றில் பழகியது அது. தென்கிழக்கு ஆசியாவின் வயல் தண்ணீரிலிருந்து வந்த ஃபைட்டர் நம்ம ஊர்க் கோடையைத் தாங்கும். இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் திணறுவார். மீன் எந்த ஊர் என்பதைவிட, எப்படிப்பட்ட தண்ணீரில் இருந்தது என்பதுதான் முக்கியம். தொட்டிகளுக்காகவே காட்டு ஆறுகளிலிருந்து அதிகமாகப் பிடிக்கப்பட்டு, இன்றைக்கு அழியும் ஆபத்தில் இருக்கும் இனம் இது. அதனால் ஆசைப்பட்டும் வாங்க வேண்டாம்.

தேவை கூடும்... வரவு குறையும்!

நாம் சுவாசிக்கும் காற்று ஒரு லிட்டரில் 270 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. ஆனால், 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நன்னீரில், அதிகபட்சமாகக் கரைந்திருக்கக்கூடியதே சுமார் 8.3 மில்லிகிராம்தான். மீன்கள் எப்போதுமே சிக்கன பட்ஜெட்டில்தான் வாழ்கின்றன.

தண்ணீர் சூடாக ஆக, அந்த பட்ஜெட்டிலும் துண்டு விழும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம். 35 டிகிரியில் 7-க்கும் கீழே. இது முழுமையாகக் கரைந்திருந்தால் வரும் கணக்கு. மீன்கள் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் நிஜ அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

அதே நேரத்தில், மீனின் தேவை கூடிக்கொண்டே போகும். மீனுக்கு நம்மைப்போல உடம்புச் சூட்டை ஒரே அளவில் வைத்துக்கொள்ளத் தெரியாது. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்புச் சூடு. தண்ணீர் 10 டிகிரி கூடினால், உடம்புக்குள் நடக்கும் வேலைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதற்கு ஏற்ப ஆக்சிஜனும் அதிகம் வேண்டும்.

சம்பளம் குறையும்போது செலவு இரட்டிப்பானால் மாசக் கடைசி எப்படி இருக்கும்? கோடையில் மீனுக்கு தினமும் மாசக் கடைசிதான்.

மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது பசியில் இல்லை. தண்ணீரின் மேற்பரப்பில்தான் காற்று வந்து கலக்கிறது. அங்கே ஆக்சிஜன் கொஞ்சமாவது அதிகம் இருக்கும் என்பதால் மீன் அங்கே வருகிறது. கவுராமி, ஃபைட்டர் மாதிரி மீன்கள் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போவது மட்டும் அவற்றின் வழக்கமான பழக்கம். மற்ற மீன்கள் மேலேயே நின்றுகொண்டு செவுளை வேகமாக அடித்தால், அது ஆபத்துக்கான அறிகுறி.

'ராத்திரி நல்லாதானே இருந்துச்சு, விடிஞ்சா செத்துக் கிடக்கே?' என்பார்கள். காரணம் இருக்கிறது. தொட்டியில் செடிகள் இருந்தால், வெளிச்சத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அதே செடிகள் இருட்டில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். 'சத்தம் வருது' என்று ராத்திரி ஏர் பம்ப்பை ஆஃப் செய்யும் பழக்கம் இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்க.

பசிக்குதுன்னு போடுற தீனி

இரண்டாவது வில்லன் அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் இது வரும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான் இதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம்வரை ஆகலாம். தொட்டி வாங்கிய அன்றைக்கே பத்து மீன் விடுகிறவர்களுக்கு, முதல் மாதமே மீன் சாவது இதனால்தான்.

கோடை இந்த விஷயத்தையும் மோசமாக்கும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவு தீங்கில்லாதது, இன்னொன்று விஷம். சூடும், பி.எச் அளவும் கூடக் கூட, விஷ வடிவத்தின் பங்கு கூடும். பி.எச் 7 என்றால் அந்தப் பங்கு 1 சதவிகிதத்துக்கும் கீழே. பி.எச் 8 ஆனால், 25 டிகிரியில் சுமார் 5 சதவிகிதம்; 30 டிகிரியில் 7 சதவிகிதத்துக்கும் மேல். காரத்தன்மை கூடிய போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில், கோடையில் ஒரு சிட்டிகை கூடுதல் தீனிகூட விஷமாகலாம்.

அதனால் கோடையில் தீனியைப் பாதியாகக் குறைங்க. காலையில் ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வாரத்தில் ஒரு நாள் விரதம் இருந்தாலும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது. பட்டினியில் செத்த மீனைவிட, பாசத்தில் செத்த மீன்கள்தான் அதிகம்!

ஐஸ் கட்டி ஏன் வேண்டாம்?

தண்ணீர் சூடானால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ஃப்ரீசர்தான். நானும் கல்லூரி நாள்களில் ஒரு ட்ரே ஐஸ் கட்டியைத் தொட்டியில் கொட்டியிருக்கிறேன். மீன்கள் சுறுசுறுப்பானதுபோல இருந்தது. ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் உப்பு தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பிறகுதான் தெரிந்தது, அது 'இக்' எனப்படும் ஒட்டுண்ணி நோய். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஒட்டுண்ணிக்கு, திடீர் குளிரில் அதிர்ந்துபோன மீன் சுலபமான இரை.

32 டிகிரியில் இருந்த தண்ணீர் பத்து நிமிடத்தில் 27-க்கு இறங்கி, இரண்டு மணி நேரத்தில் மறுபடி 32-க்கு ஏறினால், அந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிட மோசம். சூட்டைக் குறைப்பது எதுவானாலும், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

தவிர, கணக்குப் பார்த்தாலும் ஐஸ் லாபமில்லை. அதற்குப் பதில் நம்ம வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

மண்பானை ஃபார்முலா

மண்பானையில் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் தண்ணீர், வெளிப்பக்கம் ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு துளியும், உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

அதையே ஃபிஷ் டேங்க்கிலும் செய்யலாம். தண்ணீர் மட்டத்தின் மேல், லேசான சாய்வில் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேனை வையுங்க. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த 12 வோல்ட் ஃபேனை சரியான அடாப்டரோடு மாட்டலாம், யு.எஸ்.பி ஃபேனும் போதும். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாலும் வேலை நடக்கும். பொதுவாக 2 முதல் 4 டிகிரிவரை சூடு குறையும். மீன் திணறுவதற்கும் நிம்மதியாக நீந்துவதற்கும் நடுவில் இருப்பது அந்த 3 டிகிரிதான்.

இப்போது கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ ஐஸ் உருகி, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வரும்வரை எவ்வளவு வெப்பத்தை எடுக்குமோ, அதைப்போல சுமார் 5 மடங்கு வெப்பத்தை ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச் சென்றுவிடும். அதுவும் மெதுவாக, நாள் முழுக்க, மீனுக்குத் தெரியாமலேயே.

இந்த வித்தை கோவையில் நன்றாகவே பலிக்கும். சென்னையில் கோடைக்காற்று கடல் ஈரத்தோடு கனமாக இருக்கும், வியர்வையே காயாது. அங்கே ஃபேன் வைத்தால் பலன் குறைவு. மேற்கு மலைகளின் மழை மறைவில் இருக்கும் கோவையில் மார்ச், ஏப்ரல் காற்று வறண்டது. மொட்டை மாடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காயும் ஊர் என்றால், அது ஃபேன் வேலை செய்யும் ஊர். கோடை மழை பெய்து புழுக்கம் ஏறும் நாள்களில் மட்டும் பலன் குறையும். அன்றைக்கு ஏர் பம்ப்பை நம்பணும். ஜூன் வந்தால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஃபேன் வைக்கும்போது மூன்று விஷயங்கள் கவனம்.

* கண்ணாடி மூடியை எடுத்துவிடுங்க. மூடியிருந்தால் ஆவி வெளியேறாது. மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க, பழைய கொசுவலைத் துணியை மேலே இழுத்துக் கட்டலாம்.
* ஒயரைத் தொட்டி மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேறி பிளக்குக்குப் போகும்படி வையுங்க. ஒயரில் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். பிளக் வரைக்கும் போகாது.
* தண்ணீர் தினமும் குறையும். குறைந்ததை ஊற்றிக்கொண்டே இருக்கணும். எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

கோவைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. குழாயில் வருவது நல்ல தண்ணி, போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி.

ரசம் கொதித்துச் சுண்டினால் உப்புக் கரிக்கும் இல்லையா? தொட்டியிலும் அதுவேதான். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். குறைந்த அளவை உப்புத் தண்ணியால் நிரப்பிக்கொண்டே இருந்தால், மே மாதம் முடிவதற்குள் தொட்டித் தண்ணீர் சுண்டின ரசமாகிவிடும். கண்ணாடி விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் அதுதான் அடையாளம். அதனால் ஆவியானதை ஈடுகட்ட நல்ல தண்ணி அல்லது ஆர்.ஓ தண்ணீர். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு மாற்றுவது தனி வேலை. அதைத் தவிர்க்கக் கூடாது.

நல்ல தண்ணியில் குளோரின் இருக்கும். அது செவுளையும் அரிக்கும், ஃபில்டரின் பாக்டீரியாவையும் கொல்லும். திறந்த பக்கெட்டில் 24 மணி நேரம் வைத்திருந்தால் பெரும்பாலும் போய்விடும். மூடிய டிரம்மில் சேமித்த தண்ணீரில் அது மெதுவாகத்தான் போகும். அவசரமென்றால், கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளை, பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவில் விடுங்க.

கோடையில் பலரும் செய்யும் ஒரு பெரிய தவறு இன்னொன்று உண்டு. மதியம் குழாயைத் திறந்து தொட்டிக்குத் தண்ணீர் பிடிப்பது! மொட்டை மாடி டேங்க் தண்ணீர் அந்நேரத்தில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். முந்தின நாள் இரவே வீட்டுக்குள் பக்கெட்டில் பிடித்து வைத்து, காலையில் மாற்றுங்க. இரண்டு தண்ணீருக்கும் இடையே 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

தொட்டியை எங்கே வைக்கிறீங்க?

மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி வேண்டாம். சாயங்கால வெயிலை முழுக்க வாங்கும் சுவர் அது. ஃப்ரிட்ஜ் மேலேயும் பக்கத்திலும் வேண்டாம். அதன் பின்பக்கம் சூட்டைத்தான் வெளியே தள்ளுகிறது. மாடி, கீழ் வீடு இரண்டுமே உங்களுடையது என்றால் தொட்டியைக் கீழே இறக்குங்க.

அளவும் முக்கியம். டம்ளரில் ஊற்றிய டீ சீக்கிரம் ஆறும், பாத்திரத்தில் இருக்கும் டீ நேரம் எடுக்கும். சூடாவதும் அப்படித்தான். ஐந்து லிட்டர் கண்ணாடி பௌல் மதியத்துக்குள் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். 100 லிட்டர் தொட்டி நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கும். பார்க்க அழகாக இருக்கும் அந்த உருண்டை பௌலில் மேற்பரப்பும் குறுகலானது. காற்று கலக்க இடமே கிடையாது. கோல்ட் ஃபிஷ்ஷை அதில் விடுவது, சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும். மீனுக்கு அது ஜன்னல் இல்லாத லிஃப்ட்!

லைட்டை எல்.இ.டி-க்கு மாற்றி, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போட்டால் போதும். மதியம் வேண்டாம், சாயங்காலம் போடுங்க. நீங்கள் உட்கார்ந்து பார்க்கப்போவதும் அப்போதுதானே?

நம்ம ஊருக்கு எந்த மீன்?

கோடைக்கு முன்னால் மீன் வாங்கப் போகிறீர்கள் என்றால், கலரைப் பார்க்கும் முன் இதைப் பாருங்க.

கப்பி: தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. கொசுப்புழுவைத் தின்பதால் இந்தியாவில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் கொசு ஒழிப்புக்காகவே விடப்படும் மீன். உப்புத் தண்ணியும் இதற்குப் பிரச்னையில்லை. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நல்ல தேர்வு.

மோலி: கடினமான தண்ணீர் இதற்குப் பிடிக்கும். போர்வெல் மட்டுமே இருக்கும் வீடுகளுக்கு ஏற்றது.

ஃபைட்டர், கவுராமி: செவுளோடு சேர்த்து, வெளிக்காற்றை நேரடியாக சுவாசிக்கும் தனி உறுப்பும் இவற்றுக்கு உண்டு. அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். 'அப்போ காபி டம்ளரில் வளர்க்கலாமா?' என்றால், கூடாது. சுவாசத்தைச் சமாளித்தாலும் அம்மோனியாவைச் சமாளிக்க முடியாது. ஒரு ஃபைட்டருக்கே குறைந்தது 15, 20 லிட்டர் கொடுங்க. இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒன்றாக விட வேண்டாம்.

ஏஞ்சல்: 24 முதல் 29 டிகிரிவரை பழகும். உயரமான தொட்டி வேண்டும்.

டிஸ்கஸ்: 28 முதல் 30 டிகிரி சூடு இதற்குப் பிடிக்கும். ஆனால், மென்மையான, மிகச் சுத்தமான தண்ணீர் கேட்கும் மீன். அனுபவம் வந்த பிறகு முயற்சி பண்ணலாம்.

கோல்ட் ஃபிஷ்: நம்ம ஊரில் எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான். ஆனால், இது வெப்பமண்டல மீனே கிடையாது. சீனாவில் கெண்டை இனத்திலிருந்து உருவாக்கப்பட்டது. 18 முதல் 24 டிகிரிவரை இருந்தால்தான் இதற்குச் சுகம். உடம்பு பெரிது, கழிவு அதிகம், ஆக்சிஜன் தேவையும் அதிகம். சென்னை கொளத்தூர் மாதிரி இடங்களில் நம்ம வெயிலிலேயே வளர்க்கப்படும் மீன்கள் ஓரளவு தாங்கும் என்றாலும், பெரிய தொட்டி, நல்ல ஃபில்டர், நாள் முழுக்க ஏர் பம்ப் இல்லாமல் வாங்க வேண்டாம். இரண்டு சின்ன கோல்ட் ஃபிஷ்ஷும் ஒரு பௌலும் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பது, ஒரு வாரத்தில் அழுகையையும் சேர்த்துக் கொடுப்பதுதான்.

கரன்ட் போயிருச்சுன்னா..?

கோடை மழையும் பவர்கட்டும் கோவையில் ஜோடியாகத்தான் வரும். கரன்ட் போனால் ஃபில்டர் நிற்கும், ஏர் பம்ப் நிற்கும், ஃபேனும் நிற்கும். பவர் பேங்க்கில் ஓடும் யு.எஸ்.பி ஏர் பம்ப் ஒன்று கையில் இருந்தால் இரவைத் தள்ளிவிடலாம். அதுவும் இல்லையா? ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மோந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றுங்க. டீ ஆற்றுவதுபோல பத்து இருபது முறை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் மேற்பரப்பு கலங்கி, காற்று உள்ளே போகும். கரன்ட் வரும்வரை தீனி போடவே கூடாது.

மீன்கள் மேலே வந்து திணறும்போதும் முதல் வேலை இதுதான். அடுத்து, கால் பங்குத் தண்ணீரை குளோரின் போன, சற்றே குளிர்ந்த தண்ணீரால் மெதுவாக மாற்றுங்க. அப்படியும் சூடு இறங்காவிட்டால் மட்டும், பாட்டிலில் உறைய வைத்த ஐஸை மூடியோடு தொட்டியின் ஓரத்தில் மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி, ஒரு டிகிரி இறங்கியதும் எடுத்துவிடுங்க.

தெர்மாமீட்டர் இருக்கிறதுதானே? இல்லை என்றால், அடுத்த மீன் வாங்கும் முன் அதை வாங்குங்க. தொட்டிக்கான பொருள்களிலேயே மிக மலிவானவற்றில் ஒன்று அது. 28 டிகிரிவரை கவலை வேண்டாம். 30 வந்தால் ஃபேனைப் போட்டு, தீனியைக் குறையுங்க. 32-ஐத் தாண்டினால், பெரும்பாலான மீன்களுக்கு அவசர நிலை.

டிசம்பரில் இதே தெர்மாமீட்டர் வேறு கதை சொல்லும். கோவையில் மார்கழி இரவு 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஏஞ்சல், டிஸ்கஸ், ஃபைட்டர் வைத்திருப்பவர்கள் அப்போது ஹீட்டரைத் தேட வேண்டியிருக்கும். ஒரே தொட்டிக்கு ஏப்ரலில் ஃபேன், டிசம்பரில் ஹீட்டர்.

குளத்துல விட்டுடலாமா?

'இவ்ளோ வேலையா? பேசாம குறிச்சிக் குளத்துலயோ வெள்ளலூர்க் குளத்துலயோ விட்டுடலாம், பாவம் பிழைச்சுப் போகட்டும்' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர் நாடுகளில் இப்படி விட்ட வெப்பமண்டல மீன் குளிர்காலத்தில் செத்துவிடலாம். நம்ம ஊரில் அது பிழைத்துக்கொள்ளும், ஆபத்தே அதுதான். 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீன், தொட்டியில் இடம் போதாமல் வெளியே விடப்பட்டு, இன்று இந்தியாவின் பல நீர்நிலைகளில் பெருகியிருக்கிறது. உடம்பெல்லாம் கவசம்போலத் தகடு, வலையைக் கிழிக்கும், உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். வளர்க்க முடியவில்லை என்றால், கடையிலோ மீன் வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்க.

கண்டம் யாருக்கு?

மறுபடி அந்த போத்தனூர் ஹாலுக்கு வருவோம். அந்த வீட்டில் மாற்ற வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றணும். ஒரு சின்ன ஃபேன், ஒரு தெர்மாமீட்டர் வாங்கணும். ஏர் பம்ப் ராத்திரியும் ஓடணும். தீனி பாதியாகணும். தண்ணீரை இரவே பிடித்து வைக்கணும். கோல்ட் ஃபிஷ்ஷுக்குப் பதில் நாலைந்து கப்பி.

இந்தப் பொறுப்பில் ஒன்றை அந்தக் குட்டிப் பாப்பாவிடமே கொடுங்க. தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் தெர்மாமீட்டரைப் பார்த்து நம்பரைச் சொல்வது அவள் வேலை. முப்பது என்று சொன்னால் ஃபேன் ஸ்விட்சைப் போடுவது அம்மிச்சி வேலை. கப்பி குட்டி போடும் நாளில், ரெண்டு பேருமே தொட்டி முன்னாடி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கண்டம் வந்தால் அதை நாம பார்த்துக்கலாம். மீன் பாவம், அது பாட்டுக்கு நீந்தட்டும்!